ஃபிரிட்ஸ் பொல்லார்டு: 1921-இல் கோச், 2005-இல்தான் ஹால் ஆஃப் ஃபேம். நடுவில் என்ன நடந்தது?

ஏரிக்கரை எழுதியது:

தமிழில் பொல்லார்டு என்று தேடினால் கிரிக்கெட் வீரர்தான் வருவார். நான் சொல்ல வந்தது அவரைவிடத் தொண்ணூறு வயது மூத்த ஒருவரைப் பற்றி.

இன்று என்எஃப்எல் என்று எல்லோருக்கும் தெரிந்த அமெரிக்கக் கால்பந்து லீக் 1920-இல் வேறு பெயரில் தொடங்கியது. அந்த முதல் சீசனில் ஆடிய கறுப்பின வீரர்கள் இரண்டே பேர். ஒருவர் ராக் ஐலண்ட் அணியின் பாபி மார்ஷல், இன்னொருவர் ஃபிரிட்ஸ் பொல்லார்டு. பொல்லார்டின் அணி ஒஹாயோவின் அக்ரன் ப்ரோஸ். அந்த வருடம் சாம்பியனும் அவர்கள்தான். அடுத்த வருடம் அதே அணிக்கு அவர் கோச். லீக்கின் வரலாற்றில் முதல் கறுப்பின ஹெட் கோச் அவர்.

இரண்டாவது கறுப்பின ஹெட் கோச் வந்தது 1989-இல், ரெய்டர்ஸ் அணிக்கு ஆர்ட் ஷெல். 1921-க்கும் 1989-க்கும் நடுவே 68 வருடம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த நாளிலிருந்து என் மனசு ஆறவில்லை.

முழுப்பெயர் ஃபிரடெரிக் டக்ளஸ் பொல்லார்டு. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து, அடிமைமுறையை எதிர்த்து வாழ்நாள் முழுக்கப் பேசிய ஃபிரடெரிக் டக்ளஸின் பெயர்தான். 1894 ஜனவரி 27 அன்று சிகாகோவின் ரோஜர்ஸ் பார்க்கில் பிறந்தார். அக்கம்பக்கத்தில் ஜெர்மன்காரர்கள் அதிகம், அவர்கள் வாயில் பெயர் ஃபிரிட்ஸ் ஆகி அப்படியே நின்றுவிட்டது. அப்பா முடிதிருத்துபவர், அம்மா தையல் வேலை செய்தவர். உயரம் 5 அடி 9 அங்குலம், எடை 165 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 75 கிலோ.

அவரை ஏன் இத்தனை காலம் மறந்தார்கள் என்று பேசலாம். தெரிந்தவர்கள் வாருங்கள்.


நேர்கோடு எழுதியது:

நல்ல இழை, ஏரிக்கரை. ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு விஷயத்தைச் சரிபார்த்துவிடலாம். 1921 அக்ரன் அணிக்கு எல்ஜி டோபின் என்பவரும் கோச். பொல்லார்டை 'இணைக் கோச்' என்றுதான் பல பதிவுகள் சொல்கின்றன. 'முதல் ஹெட் கோச்' என்று நாம் ஓங்கிச் சொன்னால், யாராவது டோபின் பெயரை எடுத்துப் போட்டு முழுக் கதையையும் சந்தேகப்பட வைத்துவிடுவார்கள். அவர் மேல் மரியாதை இருப்பதால்தான் சொல்கிறேன்.


சீமைக்கருவேலம் எழுதியது:

நேர்கோடு சார், டோபின் பெயர் இருப்பது உண்மைதான். ஆனால் 1921-இல் 'கோச்' என்றால் என்ன வேலை என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்று கோச் காதில் ஹெட்செட் மாட்டிக்கொண்டு எல்லைக்கோட்டில் நின்று ஒவ்வொரு ஆட்டத்தையும் சொல்லி அனுப்புகிறார். அன்று அதற்கு அனுமதியே கிடையாது. வெளியே இருந்து யோசனை சொன்னால் அபராதம். பெஞ்சிலிருந்து கோச் பேசலாம் என்று என்எஃப்எல் விதி மாறியது 1944-இல்தான். அதனால் 1921-இல் யார் கோச் என்று கேட்டால், யார் பயிற்சியில் ஆட்டமுறையைக் கற்றுக்கொடுத்தார், யார் களத்துக்குள் நின்று அதை நடத்தினார் என்றுதான் கேட்க வேண்டும். பிரவுன் பல்கலைக்கழகத்தில் தான் கற்ற ஆட்டமுறைகளை அக்ரன் அணிக்குக் கற்றுக்கொடுத்தது தானே என்று பொல்லார்டு பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்த நேரத்தில் அவருக்குக் கோச் அனுபவமும் இருந்தது. 1918 முதல் பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழக அணிக்கு அவர்தான் கோச்.

அக்ரனோடும் அது முடியவில்லை. மில்வாக்கி, ஹேமண்ட் அணிகளிலும் கோச்சாக இருந்தார். ஒரு வருட விபத்தாக இருந்தால் மூன்று ஊர்க்காரர்கள் அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்திருக்க மாட்டார்கள்.


நேர்கோடு எழுதியது:

பெஞ்சிலிருந்து பேசக்கூடாது என்ற விதி எனக்குத் தெரியாது. அது என் வாதத்தின் அடியையே தொடுகிறது. சரி, ஏற்றுக்கொள்கிறேன். 'டோபினுடன் சேர்ந்து' என்ற சொல்லை மட்டும் விடாமல் சேர்த்துக்கொள்வோம்.


வெண்டைப்பூ எழுதியது:

எனக்கு இந்த விளையாட்டு அவ்வளவாகத் தெரியாது. கல்லூரியிலேயே பெரிய ஆள் என்று எங்கோ படித்தேன். அதைக் கொஞ்சம் சொல்லுங்களேன்.


ஏரிக்கரை எழுதியது:

வெண்டைப்பூ, கேட்டதற்கு நன்றி. பிரவுன் பல்கலைக்கழகம் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் பிராவிடன்ஸ் நகரில் இருக்கிறது. அங்கே அவர் படிக்கும்போது செலவுக்கு விடுதி அறையிலேயே சக மாணவர்களின் உடுப்புகளை இஸ்திரி போட்டுக் கொடுத்துச் சம்பாதித்தார். காலையில் யாருடைய கோட்டை மடித்துக் கொடுத்தாரோ அவர்களே சனிக்கிழமை அரங்கத்தில் உட்கார்ந்து அவர் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். எனக்கு அந்தக் காட்சி மறக்க முடியாதது.

1916 ஜனவரி 1, பாசடேனாவில் ரோஸ் பௌல் ஆட்டம். அதில் ஆடிய முதல் கறுப்பின வீரர் அவர். எதிரணி வாஷிங்டன் ஸ்டேட். மழை கொட்டி மைதானம் சேறாகிவிட்டது. சட்டென்று திசை மாறி ஓடுவதுதான் அவருடைய பலம், சேற்றில் அது எப்படி எடுபடும்? பிரவுன் 14-0 என்று தோற்றது.

அதே வருடம் இலையுதிர் காலத்தில் அவர் யார் என்று காட்டினார். அன்றைக்கு யேல், ஹார்வர்டு என்றால் இந்த விளையாட்டின் சிங்கங்கள். பிரவுன் யேலை 21-6 என்றும், அடுத்த ஆட்டத்தில் ஹார்வர்டை 21-0 என்றும் வென்றது. ஒரே சீசனில் இரண்டு பேரையும் பிரவுன் சாய்த்தது அதுவே முதல் தடவை. கடைசியில் கோல்கேட்டிடம் 28-0 என்று அடி வாங்கினார்கள், அதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் வால்டர் கேம்ப் தேர்ந்தெடுத்த அகில அமெரிக்க அணியில் பொல்லார்டுக்கு இடம் கிடைத்தது. பந்தோடு ஓடும் பின்வரிசை ஆட்டக்காரர்களில் அந்தப் பெருமை கிடைத்த முதல் கறுப்பினத்தவர் அவர்.


ஒஹாயோக்காரன் எழுதியது:

அக்ரனிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது.

என் பையன் பள்ளி அணியில் ரன்னிங் பேக். பந்தை வாங்கிக்கொண்டு ஓடுவது அவன் வேலை. முதல் வருடம் நான் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்க்கும்போது, அவன் விழுந்த பிறகுதான் எனக்கு வயிற்றைக் கலக்கும். கீழே கிடப்பவன் மேல் ஒருவன் விழுவான், அவன் மேல் இன்னொருவன். விசில் அடித்துக் குவியலைப் பிரித்தபின் அடியிலிருந்து என் பையனின் ஹெல்மெட் தெரியும்வரை மூச்சு விடமாட்டேன். இன்று முகத்துக்குக் கம்பி, தோளுக்கு கனத்த பேடு, தாமதமாக மேலே விழுந்தால் அபராதம், எல்லாம் இருக்கிறது. இருந்தும் அப்படி.

பொல்லார்டு ஆடிய காலத்தில் ஹெல்மெட் என்பது மெத்தென்ற தோல் தொப்பி. முகத்துக்கு ஒன்றுமே கிடையாது. அதோடு அன்றைய விதிப்படி விழுந்தவன் எழுந்து மறுபடி ஓடலாம், அவனைப் பிடித்து அழுத்தினால்தான் ஆட்டம் நிற்கும். அதனால் கீழே கிடப்பவன் மேல் பாய எதிரணிக்கு எப்போதும் ஒரு சாக்கு இருந்தது. கிடப்பவர் கறுப்பர் என்றால் அந்தச் சாக்கை எப்படிப் பயன்படுத்தியிருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். முழங்கால் வயிற்றில் வரும், முழங்கை முகத்தில் வரும்.

அதற்கு அவர் கண்டுபிடித்த வழி இது. விழுந்த அதே கணத்தில் உருண்டு மல்லாந்து, இரண்டு கால்களையும் மேலே தூக்கிச் சைக்கிள் மிதிப்பதுபோல் உதைப்பார். ஷூவின் அடியில் கெட்டியான கட்டைகள். மேலே விழ வருபவனுக்கு முதலில் எதிர்ப்படுவது அந்தக் கட்டைகள்தான். இரண்டு முறை பட்டால் மூன்றாம் முறை யோசிப்பான். சின்ன வயதிலிருந்தே அவருக்கு இது கைவந்த வித்தை. அண்ணன்மார் ஆடி அனுபவப்பட்ட வீடு அது.

பையனிடம் சொன்னேன். "இப்போ செஞ்சா ஃபிளாக் எறிஞ்சிடுவாங்கப்பா" என்றான். தப்பாட்டம் என்று நடுவர் கொடி எறிவதைச் சொல்கிறான். அப்புறம் கொஞ்ச நேரம் எதுவும் பேசாமல் இருந்தான்.


மின்னல்கொடி எழுதியது:

ஒஹாயோக்காரன் அண்ணா, அந்த ஊர் எப்படி நடத்தியது என்றும் சொல்லுங்கள். சொந்த ஊர் ரசிகர்களே மோசம் என்று கேள்விப்பட்டேன்.


ஒஹாயோக்காரன் எழுதியது:

ஆமாம் தங்கச்சி. அக்ரன் அன்று ரப்பர் நகரம். குட்இயர், ஃபயர்ஸ்டோன், குட்ரிச் மூன்றும் இங்கேதான். கார் டயருக்குக் கிராக்கி ஏற ஏறத் தெற்கு மாநிலங்களிலிருந்து வெள்ளைக்காரத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தார்கள். தெற்கின் இனப்பாகுபாடும் அவர்கள் மூட்டையிலேயே வந்தது.

அணி உடை மாற்றும் அறையில் அவர் உடை மாற்ற முடியவில்லை. அணியின் உரிமையாளர்களில் ஒருவர் ஃபிராங்க் நீட், சுருட்டு வியாபாரி. அந்தச் சுருட்டுத் தொழிற்சாலையில்தான் பொல்லார்டு உடை மாற்றுவார். ஆட்டம் தொடங்கும் நேரத்தில் ஒரு காரை அனுப்பி அவரை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போவார்கள். பின்னாளில் அவரே சொன்ன விஷயம் இது. மற்றப் பத்துப் பேரும் ஒரே அறையில் ஷூ லேஸ் கட்டிக்கொண்டு பேசிச் சிரிக்கும்போது, அணியின் முதல் ஆட்டக்காரர் புகையிலை வாசனைக்கு நடுவே தனியாக உட்கார்ந்து பேடு கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஜெயிக்க ஆரம்பித்த பிறகு ஊர் அவர் பக்கம் திரும்பியது.


சீமைக்கருவேலம் எழுதியது:

ஜெயித்தார்கள் என்றால் சாதாரண ஜெயிப்பு இல்லை. 1920 அக்ரன் ப்ரோஸ்: 8 வெற்றி, 3 டிரா, தோல்வி இல்லை. அடித்தது 151 புள்ளி, விட்டது 7. சீசன் முழுக்கவே 7! கிளீவ்லண்டோடு 7-7 என்று முடிந்த ஒரே ஆட்டத்தில் போன டச்டவுனும் அதன் கூடுதல் புள்ளியும்தான் அது. ஜிம் தோர்ப் ஆடிய கேன்டன் புல்டாக்ஸை இரண்டு முறையும் வென்றார்கள், அதுவும் ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல்.

கடைசி இரண்டு ஆட்டங்கள்தான் சுவாரஸ்யம். டிசம்பர் 5 அன்று பஃபலோவோடு 0-0. அன்றுதான் பாப் நாஷ் என்ற வீரரை அக்ரன், எதிரணியான பஃபலோவுக்கே 300 டாலருக்கும் வசூலில் 5 சதவீதத்துக்கும் விற்றது. லீக்கில் ஒரு வீரர் இன்னோர் அணிக்குக் கைமாறியது அதுவே முதல் தடவை. ஒரு வாரம் கழித்து சிகாகோவில் டிகேட்டர் ஸ்டேலிஸோடு மோதல். ஸ்டேலிஸ்தான் பின்னாளில் சிகாகோ பேர்ஸ். அவர்கள் தலைவர் ஜார்ஜ் ஹாலஸ், இந்த ஓர் ஆட்டத்துக்காகவே கார்டினல்ஸ் அணியிலிருந்து பேடி டிரிஸ்கோலைக் கூட்டிவந்தார். அப்படியும் 0-0.

டிராவைக் கணக்கில் சேர்க்காத காலம். பஃபலோவும் டிகேட்டரும் பட்டம் எங்களுக்கே என்று கேட்டன. கடைசியில் 1921 ஏப்ரல் 30 அன்று அக்ரனில் லீக் கூட்டம் கூடி வாக்கெடுத்து அக்ரனுக்குக் கொடுத்தார்கள். வீரர்களுக்குக் கால்பந்து வடிவில் சின்னத் தங்கப் பதக்கம், கடிகாரச் சங்கிலியில் தொங்கவிடுகிற மாதிரி. அணிக்கு ஒரு வெள்ளிக் கோப்பை.


வெண்டைப்பூ எழுதியது:

அந்தக் கோப்பை இப்போது எங்கே?


சீமைக்கருவேலம் எழுதியது:

காணாமல் போய்விட்டது. அந்த ஒரே வருடம்தான் கொடுத்தார்கள், அப்புறம் எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது.


நேர்கோடு எழுதியது:

இப்போது ஏரிக்கரை கேட்ட கேள்விக்கு வருவோம். ஹால் ஆஃப் ஃபேம், அதாவது தலைசிறந்தவர்களுக்கான கௌரவ மண்டபம், ஏன் இத்தனை தாமதம்? நிறவெறியை நான் மறுக்கவில்லை. ஆனால் இன்னொரு காரணமும் இருக்கிறது. என்எஃப்எல் அதிகாரபூர்வமாகப் புள்ளிவிவரம் எடுக்கத் தொடங்கியது 1932-இல். பொல்லார்டு ஆடி முடித்தது 1926-இல். எத்தனை யார்டு ஓடினார், சராசரி என்ன, ஒன்றும் முழுமையாகக் கிடையாது. பழைய செய்தித்தாள்களைப் புரட்டினால்தான் உண்டு. எண் இல்லாதவரைத் தேர்வுக்குழு தாண்டிப் போவது இயல்பு அல்லவா?


ஏரிக்கரை எழுதியது:

நேர்கோடு, எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. அப்புறம் 1963-இல் முதல் தொகுதியாகச் சேர்த்த 17 பேரின் பட்டியலைப் பார்த்தேன். ஜிம் தோர்ப் இருக்கிறார். அவருடைய லீக் ஆட்டங்களும் 1932-க்கு முந்தியவைதான், அவருக்கும் முழுக் கணக்கு கிடையாது. அவரைச் சேர்த்தது சரியே. 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கிய மனிதர், பூர்வகுடி அமெரிக்கர், அவரும் வாழ்க்கை முழுக்க அவமானம் சுமந்தவர். நான் தோர்ப்போடு ஒப்பிட்டுப் பொல்லார்டை உயர்த்த வரவில்லை. கணக்கு இல்லை என்பது ஒருவருக்குத் தடையாகவில்லை, இன்னொருவருக்கு மட்டும் ஏன் தடையாக வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

அந்த 17 பேரில் இன்னொரு பெயர் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல். வாஷிங்டன் அணியின் உரிமையாளர். லீக்கில் எல்லா அணிகளும் கறுப்பின வீரர்களைச் சேர்த்த பிறகும் முடியாது என்று கடைசிவரை நின்றவர். 1962-இல் பாபி மிட்சல் வந்ததுகூட அவர் மனம் மாறியதால் அல்ல. புது மைதானம் அரசாங்க நிலத்தில் இருந்தது. கென்னடி அரசில் உள்துறை அமைச்சராக இருந்த ஸ்டூவர்ட் யூடால், கறுப்பின வீரர்களைச் சேர்க்காவிட்டால் மைதானம் கிடைக்காது என்று நெருக்கினார். அதற்கு அடுத்த வருடமே மார்ஷலுக்கு ஹால் ஆஃப் ஃபேம். பொல்லார்டுக்கு 2005. அவர் 1986 மே 11 அன்று 92 வயதில் இறந்து 19 வருடம் ஆன பிறகு.


மின்னல்கொடி எழுதியது:

இந்தப் பதிவை இரண்டு தடவை படித்தேன். கோபமாக வருகிறது.

அந்தக் கதவு எப்போது மூடியது என்று யாராவது விளக்குங்கள். 1920-இல் ஆட முடிந்தது, 1950-இல் ஆட முடிந்தது என்றால் நடுவில் என்ன?


சீமைக்கருவேலம் எழுதியது:

இந்த இழையின் உயிரே இதுதான் என்று நினைக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நாம் பொதுவாக நினைப்பது என்ன? முன்பு கதவு மூடியிருந்தது, யாரோ ஒருவர் திறந்தார், அதன்பின் எல்லோரும் உள்ளே வந்தார்கள் என்று. என்எஃப்எல்லில் நடந்தது அப்படியே தலைகீழ். ஆரம்பத்தில் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. 1920 முதல் 1933 வரை 13 கறுப்பின வீரர்கள் ஆடினார்கள். 1922-இல் மில்வாக்கி பேட்ஜர்ஸ் அணியில் பொல்லார்டு, பால் ரோப்சன், டியூக் ஸ்லேட்டர் என்று மூன்று பேர். ரோப்சன் என்றால் பாடகராக உலகமே பிற்பாடு கேட்ட அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்தான். கொலம்பியாவில் சட்டம் படித்துக்கொண்டே ஆடினார். தோர்ப்பின் ஊரங் இண்டியன்ஸை மில்வாக்கி 13-0 என்று வென்றபோது இரண்டு டச்டவுனும் ரோப்சன் போட்டவை. ஸ்லேட்டர் பின்னாளில் சிகாகோவில் நீதிபதி ஆனார்.

பொல்லார்டு ஆடி முடித்தது 1926-இல். அதன்பின் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்து 1933-இல் இரண்டு பேர்தான் மிச்சம். சிகாகோ கார்டினல்ஸின் ஜோ லில்லர்டு, பிட்ஸ்பர்கின் ரே கெம்ப். 1934-இல் ஒருவரும் இல்லை. அதன்பின் 1945 வரை ஒருவர்கூட இல்லை. 12 வருடம்.

இதற்கு எழுத்தில் ஒரு தீர்மானமும் கிடையாது. உரிமையாளர்களுக்குள் வாய்வார்த்தை உடன்பாடு. 1932-இல் லீக்குக்குள் வந்த மார்ஷலுக்கு இதில் பெரிய பங்கு என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பொல்லார்டோ கடைசிவரை ஹாலஸைத்தான் குற்றம் சாட்டினார், ஹாலஸ் மறுத்தார். இருவரும் சிகாகோக்காரர்கள், ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்தவர்கள். பொருளாதார மந்தத்தில் வேலை இல்லாமல் வெள்ளைக்காரர்கள் நிற்கும்போது கறுப்பர்களுக்குச் சம்பளமா என்ற பேச்சும் அன்று இருந்தது. ஆனால் மந்தம் முடிந்து போரும் முடிந்த பிறகும் கதவு தானாகத் திறக்கவில்லை. 1946-இல் ராம்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்து கொலிசியம் மைதானத்தைக் கேட்டது. அது மக்கள் வரிப்பணத்தில் கட்டியது, கறுப்பின வீரர்களைச் சேர்க்காத அணிக்கு எப்படிக் கொடுப்பீர்கள் என்று கறுப்பினப் பத்திரிகையாளர்கள் விடாமல் கேட்டார்கள். அதன்பிறகுதான் கென்னி வாஷிங்டனும் வுடி ஸ்ட்ரோடும் உள்ளே வந்தார்கள்.

1946-இல் லாஸ் ஏஞ்சலஸ், 1962-இல் வாஷிங்டன். இரண்டு இடத்திலும் பூட்டைத் திறந்தது மைதானத்தின் சாவி.


நேர்கோடு எழுதியது:

என் புள்ளிவிவர வாதத்தை விலக்கிக்கொள்கிறேன். 1963 பட்டியலை நான் அந்தக் கண்ணோடு பார்த்ததில்லை.

இதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பொல்லார்டுக்கும் முன்னால் ஒருவர் உண்டு. சார்லஸ் ஃபாலிஸ். ஒஹாயோவில் ஷெல்பி என்ற சிற்றூர் அணிக்கு 1904-இல் ஒப்பந்தம் போட்டு ஆடினார். சம்பளத்துக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர் என்று அவரைச் சொல்கிறார்கள். அதே ஷெல்பி அணியில் அவரோடு ஆடிய ஒரு வெள்ளைக்கார இளைஞர் பிராஞ்ச் ரிக்கி. பேஸ்பாலின் பெரிய லீக்கில் நிறத்தடையை உடைத்த ஜாக்கி ராபின்சனை 1945-இல் தன் அணிக்காக ஒப்பந்தம் செய்த அதே ரிக்கி. ஃபாலிஸ் 1910-இல் 31 வயதிலேயே இறந்துவிட்டார்.


வெண்டைப்பூ எழுதியது:

லீக்கை விட்டு வந்த பிறகு பொல்லார்டு என்ன செய்தார்? சும்மா இருந்திருக்க மாட்டார் என்று தோன்றுகிறது.


ஏரிக்கரை எழுதியது:

சரியாகப் பிடித்தீர்கள் வெண்டைப்பூ. ஆடிக்கொண்டிருக்கும்போதே 1922-இல் கறுப்பின மக்களுக்காக முதலீட்டு நிறுவனம் ஒன்று தொடங்கினார். பொருளாதார மந்தத்தில் அது மூழ்கியது. அப்புறம் நியூயார்க் போய் ஒரு வாரப் பத்திரிகை நடத்தினார். பாட்டுக்காரர்கள், நடனக்காரர்களுக்கு ஒத்திகை இடம் நடத்தினார். வருமானவரி ஆலோசகராகவும் இருந்தார்.

ஆனால் எனக்குப் பிடித்தது ஹார்லெம் கதைதான். 1935-இல் பிரவுன் பாம்பர்ஸ் என்று முழுக்கக் கறுப்பின வீரர்களைக் கொண்ட அணி தொடங்கியது. குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிசின் பட்டப்பெயரை அணிக்கு வைத்தார்கள். கோச் பொல்லார்டு. கறுப்பின ஆட்டக்காரர்கள் திறமையில் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை என்று வெள்ளைக்கார அணிகளோடு ஆடிக் காட்ட வேண்டும் என்பதே அவர் எண்ணம். 1933-இல் என்எஃப்எல் வெளியே தள்ளிய ஜோ லில்லர்டு இந்த அணியில் ஆடினார். லீக் வீணாக்கிய கால்களுக்கு இங்கே வேலை கிடைத்தது.

1936-இல் பெர்லின் ஒலிம்பிக். 110 மீட்டர் தடை ஓட்டத்தில் அமெரிக்காவுக்காக ஓடி வெண்கலம் வாங்கியவர் ஃபிரிட்ஸ் பொல்லார்டு ஜூனியர். மகன்தான். 14.4 விநாடி. வெள்ளி வாங்கிய பிரிட்டன் வீரர் ஃபின்லேயுக்கும் அதே 14.4. ஹிட்லர் நடத்திய ஒலிம்பிக்கில் மகன் அமெரிக்கக் கொடியின் கீழ் மேடையில் நிற்கிறார். அமெரிக்காவில் அப்பாவின் வீரர்களுக்கு நாட்டின் தலையாய லீக்கில் இடம் இல்லை. இதை எழுதும்போதே தொண்டை அடைக்கிறது.


மின்னல்கொடி எழுதியது:

அவர் உயிரோடு இருக்கும்போது எந்த அங்கீகாரமும் இல்லையா?


ஏரிக்கரை எழுதியது:

முழுக்க இல்லை என்று சொல்ல முடியாது. கல்லூரிக் கால்பந்தின் ஹால் ஆஃப் ஃபேமில் 1954-இலேயே சேர்த்தார்கள். 1981-இல் பிரவுன் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. என்எஃப்எல்தான் வாய் திறக்கவில்லை.

ஆர்ட் ஷெல் வந்தது அவர் இறந்து மூன்று வருடம் கழித்து. 2003-இல் ரூனி விதி வந்தது, ஹெட் கோச் தேடும் அணி சிறுபான்மை இனத்தவர் ஒருவரையாவது நேர்காணல் செய்தே ஆக வேண்டும் என்று. அந்த விதி ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிக்க அதே வருடம் ஓர் அமைப்பு தொடங்கினார்கள். அதற்கு வைத்த பெயர் ஃபிரிட்ஸ் பொல்லார்டு அலையன்ஸ்.


சீமைக்கருவேலம் எழுதியது:

அந்த விதிக்குப் பெயர் தந்த ரூனி குடும்பம்தான் 1933-இல் பிட்ஸ்பர்க் அணியைத் தொடங்கியது. ரே கெம்ப் ஆடிய அதே அணி.


ஒஹாயோக்காரன் எழுதியது:

சனிக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு கேன்டன் போய்வந்தேன். அக்ரனிலிருந்து தெற்கே அரை மணி நேரப் பயணம். 1920-இல் ரால்ஃப் ஹே என்பவரின் கார் ஷோரூமில், வண்டிகளின் படிகளில் உட்கார்ந்து லீக்கைத் தொடங்கினார்களே, அந்த ஊர்தான். அதனால்தான் ஹால் ஆஃப் ஃபேமையும் அங்கேயே கட்டினார்கள்.

வெண்கலத் தலைச்சிலைகள் வருட வரிசையில் இருக்கின்றன. விளக்கை மங்கலாக வைத்திருக்கிறார்கள், சிலைகள் மேல் மட்டும் வெளிச்சம். 1963-இல் தொடங்கினோம். தோர்ப், ஹாலஸ், மார்ஷல். மார்ஷல் முன்னால் பையன் நின்றான். இந்த இழையில் படித்ததை அவனிடம் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். ஒன்றும் சொல்லாமல் நகர்ந்தான். அங்கிருந்து 2005-க்கு நடந்தோம். நிறைய நடக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு வரிசையாகக் கடக்கும்போது எத்தனை பேருக்குப் பிறகு இவர் என்பது காலுக்கே தெரிந்தது.

2005-இல் நான்கு பேர். பென்னி ஃபிரீட்மன், டேன் மரீனோ, ஸ்டீவ் யங், ஃபிரிட்ஸ் பொல்லார்டு. மரீனோவையும் யங்கையும் படம் எடுக்க ஒரு குடும்பம் நின்றிருந்தது. அவர்கள் போகும்வரை காத்திருந்து பொல்லார்டு முன்னால் நின்றோம். பையன் சிலையின் அளவைப் பார்த்துவிட்டு, "இவர் என்னைவிடக் கொஞ்சம்தான் உயரமா இருந்திருப்பார்" என்றான். ஆமாம் என்றேன்.

வெளியே வந்து காரை நோக்கி நடக்கும்போது அவன் கையிலிருந்த ஜாக்கெட்டை என்னிடம் கொடுத்தான். புல்லில் பக்கவாட்டில் விழுந்து, உருண்டு மல்லாந்து, இரண்டு கால்களையும் தூக்கி உதைத்தான். முதல் தடவை தாமதமாகிவிட்டது என்று அவனுக்கே தெரிந்தது. எழுந்து முதுகைத் தட்டிவிட்டு, "இன்னொரு தடவை பாருங்கப்பா" என்று மறுபடி விழுந்தான்.